இணையமும் பல்கலைக்கழகப் பிரவேசமும்

பல்கலைக்கழகம் ஆற்றும் பணிகளைக் கூர்ந்து நோக்குமிடத்து அவை மூன்றாகப் பகுக்கத் தக்கன. தகுதியுடையாரைத் தெரிந்து சேர்த்தல் ஒன்று. சேர்ந்தாருக்குக் கற்பித்தல் மற்றொன்று. கற்றதை அளந்து பட்டம் வழங்கல் பிறிதொன்று. இம்மூன்றும் ஒரே மதிலுக்குள், இவ்வரிசையிலேயே நிகழ்தல் வேண்டும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். இணையத்தின் வரவால் அவ்வெண்ணம் தளர்ந்து வருகின்றது. அத்தளர்ச்சியால் நம் மாணாக்கர் அடையத்தக்க நன்மை யாது, அஞ்சிக் காத்துக்கொள்ளத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இம்மூன்றையும் பிரித்து வைத்தல் முற்றிலும் புதிதன்று. 1858 ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம், அங்கீகாரம் பெற்ற கல்லூரியிற் பயின்றிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையைப் பெரும்பாலான பட்டங்களுக்கு நீக்கியது. கற்பித்தல் வேறு, அளத்தல் வேறு என்னும் கொள்கை அன்றே செயலுக்கு வந்தது. அதன் பயனை இலங்கையர் நன்கறிவர். 1921 இல் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை இருந்ததில்லை. அது தன் மாணாக்கரை இலண்டன் பரீட்சைக்கே ஆயத்தஞ் செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரும், பகலிற் கற்பித்து இரவிற் கற்று இலண்டன் வெளிவாரிப் பட்டம் பெற்ற ஆசிரியர் நம் நாட்டிற் பலர்.

இனி, அளவுகோலைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். நெல்லைக் கொத்தால் அளப்பதுபோலக் கல்வியை மணிக்கணக்கால் அளக்கும் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. கார்னெகி நிறுவனம் 1906 ஆம் ஆண்டையொட்டி, ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறத்தாழ 120 மணி நேரம் பயிலுதலை ஓர் அலகாகக் கொண்டது. ஐரோப்பிய நாடுகள் 1989 இல் தமக்கெனப் பொது அளவை ஒன்றை வகுத்தன. அதன்படி ஓராண்டுக் கல்வி 60 அலகுகள். ஓர் அலகு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ‘கிரெடிட்’ என வழங்கும் இப்பாட அலகினால், ஒரு நாட்டிற் கற்றதை மற்றொரு நாட்டில் மீளக் கற்கும் வீண்செலவு ஒழிந்தது. எனினும் கொத்து நெல்லின் அளவைக் காட்டுமேயன்றித் தரத்தைக் காட்டாது. ஆதலின் அலகு கைமாறுவதற்கு, அளந்தவர்மீது ஏற்பவருக்கு நம்பிக்கை வேண்டும். இதுவே இப்பொருளின் உயிர்நிலை.

இணையம் முதலில் தொட்டது கற்பித்தலையே. 2011 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் செபஸ்தியன் துருன் என்பாரும் பீற்றர் நோர்விக் என்பாரும் செயற்கை நுண்ணறிவுப் பாடமொன்றை இணையத்தில் இலவசமாக நடத்தினர். ஏறத்தாழ 160,000 பேர் பெயர் பதிந்தனர். 20,000 பேருக்கு மேல் நிறைவு செய்தனர். ஆயினும் அவர்களுக்கு ஸ்ரான்போர்ட்டின் பாட அலகு வழங்கப்படவில்லை. பாடம் யாவர்க்கும் திறந்தது. பட்டத்தின் கதவோ மூடியே நின்றது.

அடுத்து அக்கதவும் அசையலாயிற்று. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் 2015 இல் வழங்கல் முகாமைத்துவத் துறையிலே புதுமுறையொன்றை அறிவித்தது. எவரும் முதலில் இணையவழிப் பாடங்களைக் கற்றுத் தேறலாம். தேறியோர் விண்ணப்பித்துத் தெரிவுபெறின், நிறுவனத்தில் ஒரு பருவம் மாத்திரம் பயின்று முதுகலைநிலைப் பட்டம் பெறலாம். சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகமும் 2020 இல் தரவு அறிவியற் பட்டப்படிப்பை இணையவழி தொடங்கியது. அதற்குப் புகழ்பெற்ற கூட்டு நுழைவுப் பரீட்சை வேண்டுவதில்லை. நான்கு வாரப் பாடங்களைக் கற்று, பயிற்சிகளைச் செய்து, பின் நேரிற் சென்று தகுதிப் பரீட்சை எழுதித் தேறுதல் வேண்டும். இவற்றிற் கல்வி முந்துகின்றது, தெரிவு பிந்துகின்றது. ஒரு நாட் பரீட்சையில் ஒருவன் என்ன பெற்றான் என்பதைவிட, கற்பித்தால் எவ்வளவு கற்பான் என்பதே நோக்கப்படுகின்றது.

அலகுகளைக் கைமாற்றும் முயற்சியில் இந்தியா அண்மையில் விரைந்து முன்சென்றுள்ளது. ‘சுவயம்’ எனும் அரசாங்க இணையக் கல்வித்தளம் 2017 இல் திறக்கப்பட்டது. அதிற் பெற்ற அலகுகளைப் பல்கலைக்கழகங்கள் ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 20 வரை ஏற்கலாம் என 2016 இல் வகுத்த விதி, 2021 இல் நூற்றுக்கு 40 ஆக உயர்ந்தது. அவ்வாண்டிலேயே கல்வி அலகு வங்கி ஒன்றும் ஏற்பட்டது. பணத்தை வங்கியிற் சேமிப்பதுபோல அலகுகளைச் சேமித்து வைக்கலாம். அவை பொதுவாக ஏழாண்டு வரை செல்லும். ஆயினும் மாணாக்கன் தானே சான்றிதழ் கொண்டுபோய் அதில் வைப்பிடல் இயலாது. கற்பித்த நிறுவனமே வைப்பிடல் வேண்டும். முற்கூறிய நம்பிக்கையைக் காப்பதற்கே இவ்விதி என்பது வெளிப்படை.

இவையெல்லாம் நமக்கு எற்றுக்கு எனின், கூறுவோம். நம் நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழக இடங்களுட் பெரும்பாலானவை இசெட் புள்ளியின்படி, நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பங்கிடப்படுகின்றன. ஆண்டுதோறும் தகுதி பெற்றோருட் பெரும்பகுதியினர் இடம் பெறாதே நிற்கின்றனர். தசமப் புள்ளியின் சிறு வேறுபாட்டால் வெளியே நின்ற பிள்ளை அறிவிலி அல்லன். அவனுக்கு 1980 இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் ஒரு வழி. இணையம் இன்னொரு வழி.

ஆனால் வழி பல என்பதால் எல்லாம் நல்வழி ஆகா. சான்றிதழ் வேறு, பாட அலகு வேறு. முன்னது வருகையையோ நிறைவையோ மாத்திரங் காட்டுவதாக இருக்கலாம். பணம் பெற்றுப் பட்டம் விற்கும் போலி நிறுவனங்களும் இணையத்தில் அழகிய முகத்துடன் தோன்றுகின்றன. ஆதலின் பணங் கட்டுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். பட்டம் வழங்குவது யார்? அதனை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா? நாம் பின்னர்ச் சேர விரும்பும் பல்கலைக்கழகம் எத்தனை அலகுகளை ஏற்பதாக எழுத்தில் உறுதி கூறும்? வாய்மொழி போதாது.

தனித்துக் கற்பதன் இடரும் சிறிதன்று. ஸ்ரான்போர்ட் பாடத்திற் பெயர் பதிந்த எண்மருள் ஒருவரளவே நிறைவு செய்தனர் என்பதை மறத்தலாகாது. மணியடித்து எழுப்பும் விடுதியும், முகம் பார்த்து வினவும் ஆசிரியரும் இல்லாதவிடத்து மனவுறுதியே ஆசானாதல் வேண்டும். மேலும், கணினியும் இடையறாத இணைப்பும் அமைதியான ஓர் அறையும் இல்லாத இல்லத்துப் பிள்ளைக்குத் திறந்த கதவும் மூடிய கதவே.

இவ்விடத்திலேதான் பழைய மாணவராகிய நமக்குக் கடமை உளது. நம் கல்லூரி நூல்நிலையத்தில் மாலை வேளைகளிற் சில கணினிகளும் நல்ல இணைப்பும், உடனிருந்து வழிகாட்டும் பட்டதாரி ஒருவரும் அமைவராயின், பல்கலைக்கழக வாயிலில் இடம் பெறாத பிள்ளை தன் கல்லூரியின் வாயிலிலே இடம் பெறுவான். கட்டடங்கள் எழுப்பிய நம் சங்கத்துக்கு இது அரிய செயலன்று.