கத்திரி வெயிலும் சூரியப் புயலும்

நம்பிக்கை: சூரியப் புயல் அடித்தால் வெயில் கூடும்.

2024 மே 10, 11 தேதிகளில் சூரியனிலிருந்து கிளம்பிப் பூமியைத் தாக்கிய காந்தப் புயல், இருபது ஆண்டுகளில் வந்தவற்றிலேயே வலுவானது. லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்தது. நமக்கோ அப்போது அக்னி நட்சத்திரம். இரண்டையும் முடிச்சுப்போட இது போதும். ஆனால் தொடர்பு இல்லை. நம் கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடிக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் மூன்றாம் வாரத்தில். அதன் பிறகும் நிலம் சூடேறிக்கொண்டே போவதால்தான் மே இப்படிக் காய்கிறது. சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சியில்கூடச் சூரிய ஒளியின் மொத்த அளவு மாறுவது 0.1 விழுக்காடுதான்.

நம்பிக்கை: சூரியன் எரிகிற நெருப்பு.

நெய்வேலிபோல் பழுப்பு நிலக்கரி எரியும் ஊரில் இப்படித் தோன்றுவது இயல்பு. சூரியன் நிலக்கரியாக இருந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் சாம்பலாகியிருக்கும். அங்கே நடப்பது அணுக்கருப் பிணைவு.

நம்பிக்கை: 11 ஆண்டுக்கு ஒருமுறை சொல்லிவைத்தாற்போலப் புயல் வரும்.

அதிகம் பரவியிருப்பதும், முதலில் திருத்த வேண்டியதும் இதுதான். சூரியனின் மேற்பரப்புக்குக் கீழே சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஆழம்வரை மின்னூட்டம் கொண்ட வாயு கொதித்துப் புரள்கிறது. அந்தக் கொந்தளிப்பு காந்தப்புலத்தை இழுத்து, முறுக்கி, மெல்லிய கற்றைகளாகத் திரட்டுகிறது. கற்றைக்குள் புலம் மிக வலுவாக இருக்கும், பக்கத்திலேயே மிகவும் மெலிந்திருக்கும். கற்றைகள் மேற்பரப்பைத் துளைத்து வெளிவரும் இடமே கரும்புள்ளி. பெரிய கரும்புள்ளியில் புலத்தின் வலு 3000 காஸ் (காந்தப்புல அலகு) வரை போகும். பூமியின் புலம் அரை காஸ் அளவே. 1908இல் வானியலாளர் ஹேல் கரும்புள்ளியின் இந்தப் புலத்தைக் கண்டறிந்தார். மறு ஆண்டே நம் கொடைக்கானலில் வானியலாளர் எவர்ஷெட், கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். முறுக்கேறிய கற்றைகள் அறுந்து வேறு விதமாக இணையும்போது, சேர்ந்திருந்த ஆற்றல் திடீரென வெடித்துக் கிளம்புகிறது. அதுதான் சூரியப் புயல். சிறு வெடிப்புகள் ஏராளம், பெரியவை அபூர்வம். விட்டுவிட்டு நிகழும் இதற்குக் கால அட்டவணை கிடையாது.

சுழற்சி சொல்வது பருவத்தை மட்டுமே. வடகிழக்குப் பருவத்தில் கடலூருக்குப் புயல் வரலாம் என்று தெரியும். தானே புயல் 2011 டிசம்பர் 30இல், மார்கழியில் வந்து அடிக்கும் என்று ஆடியில் யாரால் சொல்லியிருக்க முடியும்? 2003 அக்டோபரின் பெரும் சூரியப் புயல்கள், சுழற்சியின் உச்சம் கடந்து ஈராண்டு ஆன பிறகே வந்தன.

நம்பிக்கை: அடுத்த புயலில் நெய்வேலி அனல்மின் நிலையம் எரிந்துபோகும்.

1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் போனது உண்மை. ஆனால் அது துருவத்துக்கு அருகிலுள்ள பகுதி. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பக்கம் மின்கம்பிகளில் தூண்டப்படும் மின்னோட்டம் பொதுவாக மிகக் குறைவு. செயற்கைக்கோள்கள், ஜிபிஎஸ், ரேடியோத் தொடர்பு ஆகியவற்றுக்குத்தான் இங்கே பாதிப்பு அதிகம். அதனால்தான் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், 2024 ஜனவரி 6 முதல் இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் சூரியனைக் கண்காணிக்கிறது. அங்கே புயல் கடந்துபோனால், பூமியைத் தொடப் பொதுவாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை அவகாசம் கிடைக்கும்.