குளக்கரைப் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறு இல்லை. அடர்ந்த காடும் இல்லை. பெய்யும் மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கிக் கிணற்றில் ஊறுகின்றது. இதனால் நம் மாணவருட் பலர் உயர்தர வகுப்பிற் சூழலியலைக் கற்று முடித்த பின்னரும் மருத மரத்தையும் முதிரை மரத்தையும் பிரித்தறியாதவராய் உள்ளனர். உணவுச் சங்கிலியைப் பிழையற வரைவர். அச்சங்கிலியின் ஒரு கண்ணியையேனும் கண்ணாற் கண்டிரார். இக்குறையை நீக்கும் நோக்குடனேயே விஞ்ஞான ஆசிரியர்கள் தொண்டைமானாற்றிலே வெளிக்கள நிலையத்தை அமைத்தனர். பின்னாளில் அந்நிலையம் பரீட்சை வினாத்தாள்களாலும் பெரும் பெயர் பெற்றது. இன்று அதன் பெயரைச் சொல்லும் மாணவர் ‘வெளிக்களம்’ என்ற சொல்லிலே நின்று சிந்திப்பது அரிது.

வெளிக்களப் பாடத்துக்கு எடுத்துக்காட்டாக வன்னியிலுள்ள இரணைமடுக் குளத்தை இங்கு கொள்வோம். வடக்கு நோக்கி ஓடும் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட குளம் இது. வடகீழ்ப் பருவமழையில் நிரம்பும்; சில ஆண்டுகளில் வான் பாயும். ஆடி, ஆவணியில் நீர் ஒடுங்கி அலைகரை வெளித்தோன்றும். ஒரே இடத்தை மாரியில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் பார்த்தாலன்றிக் குளத்தைப் பார்த்ததாகக் கூறல் பொருந்தாது. ஒருநாட் பயணத்தைச் சுற்றுலா என்று அழைப்பதே நேர்மை.

கருவிகள் சிலவே வேண்டும்: நீண்ட கயிறு, ஒரு மீற்றர் சதுரச் சட்டம், வெப்பமானி, கைவில்லை, குறிப்பேடு. நீரின் விளிம்பிலிருந்து காட்டினுள்ளே கயிற்றைப் பிடித்து, ஐந்து மீற்றருக்கு ஒரு முறை சட்டத்தை நிலத்தில் வைத்து, அதனுள் நிற்பவற்றை எண்ணி எழுதல் வேண்டும். ஈரம் மிக்க இடத்திற் கோரை, சற்று மேலே புல், கரையோரத்தில் மருது, அப்பால் வறண்ட நிலத்தில் வீரை, பாலை, முதிரை. நிலத்தின் ஈரம் குறையக் குறையத் தாவரம் மாறுவதை இக்கயிறு காட்டுகின்றது. (பாலைப்பழக் காலமாயின் கணக்கெடுப்புத் தாமதமாகும், ஆசிரியர் அதனைப் பொறுத்தல் நன்று.) காட்டினுள்ளே பழகிய பாதையை விட்டு விலகலாகாது. 2009 இல் முடிந்த போரின் எச்சமாகிய கண்ணிவெடிகள் வன்னியின் சில பகுதிகளில் இன்னும் அகற்றப்படுகின்றன. ஆதலின் உரிய திணைக்களத்தாரின் அனுமதியும் ஊரவரின் வழிகாட்டலும் இன்றிச் செல்லுதல் கூடாது.

நீரிலே செய்யத்தக்கது ஒட்சிசன் அளவீடு. விடியற்காலை எடுத்த நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் குறைவு; பிற்பகலில் மிகுதி. இரவெல்லாம் உயிர்கள் அனைத்தும் சுவாசித்துக் குறைத்ததைப் பகலில் அல்காவும் நீர்த்தாவரங்களும் ஒளித்தொகுப்பால் ஈடுசெய்கின்றன. இதனை ஒரு முறை தானே அளந்தறிந்த மாணவன் பின்னர் மறவான். மீனவரின் வலையிலே திலாப்பியா மீனைக் கண்டு, ‘இது நம் குளத்து மீன்’ என்று அவன் எழுதினால், அது 1952 இல் ஆபிரிக்க இனமாக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதென்பதைச் சொல்லிக் குறிப்பைத் திருத்துவித்தல் வேண்டும்.

குறிப்பேட்டைப் பற்றி நாம் கண்டிப்பாய் இருப்பதற்குக் காரணம் உண்டு. பெயர் தெரியாத செடிக்கு ஊகத்தாற் பெயரிடலாகாது. இலையின் வடிவையும் மயிரின் அமைப்பையும் எழுதிப் பெயருக்கு இடம் விடுதல் வேண்டும். பிழையான பெயரால் விளையும் இடர் எத்தகையது என்பதற்குச் சல்வீனியாவின் வரலாறே சான்று.

சல்வீனியா மிதக்கும் நீர்ப்பன்னம். 1939 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்த நோக்கமோ தாவரவியற் கல்வி! மாணவர் பார்ப்பதற்கென வந்த செடி வாய்க்காலிலும் குளத்திலும் நெல்வயலிலும் பரந்து நீரை மூடியது. இது வித்திகளால் இனம்பெருக்குவதில்லை. முறிந்த துண்டு ஒன்றே போதும். வாய்ப்பான நீரிற் சில நாட்களுள் இருமடங்காகும். அதன் கீழே ஒளியும் ஒட்சிசனும் குன்றும். அறிஞர் இதனைச் சல்வீனியா ஒரிக்குலேற்றா என்ற இனமெனக் கொண்டு, அவ்வினத்தை உண்ணும் பூச்சிகளைத் தேடிப்பிடித்துப் பல நாடுகளிற் களைமீது விட்டனர். பெரும்பயன் விளையவில்லை. வித்திப்பைகளின் அமைப்பு முதலியவற்றை நுணுகி நோக்கிய மிச்செல் என்பார், இது வேறினம் என்று 1972 இல் நிறுவி, சல்வீனியா மொலெஸ்ற்றா எனப் பெயரிட்டார். அதன் தாயகம் பிறேசிலின் தென்கிழக்கென்பது 1978 இலே தெரியவந்தது. அங்கே அதனை உண்ணும், இரண்டு மில்லிமீற்றர் அளவான, நீண்ட மூஞ்சியையுடைய வண்டொன்று கிடைத்தது. அவுஸ்திரேலியாவின் மூண்டரா ஏரியில் 1980 இல் அவ்வண்டு விடப்பட, மறு ஆண்டிலேயே ஏரியை மூடியிருந்த களை அழிந்தது. வேடிக்கை யாதெனில், அவ்வண்டையும் முதலில் முன்னறிந்த இனமென்றே எண்ணினர்; தனியினமென அது பெயர் பெற்றது 1985 இலேயாம். அடுத்த ஆண்டில் இலங்கை நீர்நிலைகளிலும் விடப்பட்டு, பல இடங்களிற் களையை அடக்கியது.

இவ்வரலாற்றை நாம் வகுப்பறையிற் சொல்வதில்லை. மாலையிற் குளக்கட்டிலே, பேருந்து வருமுன் சொல்வோம். அப்போதுதான் மாணவர் வலைகளை உதறி, வாளிகளைக் கவிழ்த்து, காலணிகளின் அடியில் ஒட்டிய செடித் துண்டுகளைக் குச்சியாற் சுரண்டிக்கொண்டிருப்பர். பசியோடிருக்கும் அவர்களுக்கு இவ்வேலை பிடிப்பதில்லை. வலைகள் நன்றாய் உலர்ந்தனவா என்று பார்த்த பின்னரே வண்டியில் ஏற்றுவோம்.