கைப்பேசிப் பதிவுகளைக் காப்பது எவ்வாறு?

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு ஒரு தனிமனிதரின் குறிப்பே. பிறர் படியெடுத்துக் காத்தமையால், சென்னை அரசாங்கம் அதனை 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட இயன்றது.

மயிலம் ஒன்றியத்தில் நாம் எடுக்கும் ஏரி, பயிர், வெள்ளப் படங்கள் இன்று கைப்பேசியிலேயே உள்ளன. அது பழுதுற்றால் நிவாரணம் கோரும்போது காட்டச் சான்றும் இராது. ஊர்ச் சரித்திரமும் அழியும்.

ஆகையால் மூன்று பிரதிகள் வேண்டும்: கைப்பேசியில் ஒன்று, கணினியில் ஒன்று, வேற்றூர் உறவினரிடம் பென் டிரைவில் ஒன்று. தேதி, ஊர், சர்வே எண் ஆகியவற்றைக் குறித்து, ஆண்டுதோறும் திறந்து பார்த்தல் அவசியம்.

சரித்திர மதிப்புள்ள தனியார் ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகம் ஏற்க 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் இடமளிக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் உள்ளது. எங்கு ஒப்படைப்பினும் விவரம் குறித்த பதிவே பயன்படும். அப்பணியை இன்றே தொடங்குவோமாக.