ராணி மாதிரி வைத்திருக்கிறோம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை என் கைபேசி இரண்டு முறை வாசித்துக் காட்டியது. அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் அதற்கு ஒரே குரல்தான். ஆனாலும் ஒரு வரி வந்ததும் நானே திரையைத் தட்டி நிறுத்தினேன். “அம்மாவை ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடுவதில்லை அக்கா, ராணி மாதிரி வைத்திருக்கிறோம்” என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு 58 வயது, குளுக்கோமாவில் பார்வை பெரும்பாலும் போய் 11 மாதம் ஆகிறது. அவரை நல்லபடி பார்த்துக்கொள்ளும் இல்லம் எது, சம்பளத்துக்கு ஆள் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். பெயரும் ஊரும் வெளியே வரவேண்டாம் என்றதால் இரண்டையும் விட்டுவிட்டு இங்கேயே பதில் எழுதுகிறேன். இந்த மாதிரி ராணிகளும் ராஜாக்களும் இன்னும் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நானும் ஒன்றரை வருடம் ராணியாக இருந்தவள்தான். எனக்கு வந்தது வேறு நோய். சின்ன வயதிலிருந்தே விளக்கு வைக்கிற நேரமானால் தடவித்தான் நடப்பேன். மாலைக்கண் என்று முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் ஊட்டி வளர்த்தார்கள். அது விழித்திரை நோய், சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் கூடுதலாக வருவது, கீரைக்கு அடங்காது என்று தெரியவந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். 2004-இல், 36 வயதில், பகலும் போய்விட்டது.

மாமியார் நல்ல மனுஷி. நான் கையை வெட்டிக்கொள்வேன் என்று பயந்து முதல் வேலையாக அரிவாள்மனையைத் தூக்கிப் பரணில் வைத்தார். பிறகு அடுப்புப் பக்கம் வராதே என்றார், பிறகு மாடிப்படி. ஒருநாள் சீப்போடு வந்து எனக்குத் தலை வாரிவிட்டார். பின்னல் போடக் கண் எதற்கு தம்பி? கண்ணுள்ளவர்கள்கூட முதுகுப்பக்கம் பார்த்துக்கொண்டா பின்னுகிறார்கள்? அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை. தலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண் போனதோடு கையும் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் சேர்ந்து நம்பினேன்.

வேலையை விட்டதும் அப்போதுதான். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். மேலதிகாரி பரிவாகப் பேசி, ராஜினாமாக் கடிதத்தில் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை அரசு வேலையிலிருந்து அனுப்பக் கூடாது, செய்யக்கூடிய வேறு பணிக்கு அதே சம்பளத்தில் மாற்றவேண்டும், அப்படி இடம் இல்லையென்றால் கிடைக்கும்வரை கூடுதல் பணியிடம் உண்டாக்கியாவது வைத்துக்கொள்ளவேண்டும் என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு அப்போதே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாதோ என்னவோ. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது 20-ஆவது பிரிவு. உங்கள் அம்மாவுக்கு இது தேவைப்படாது. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படும் என்றுதான் நடுவில் நுழைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் தயங்கித் தயங்கி எழுதிய இடம் ஒன்று இருக்கிறது. நாள்காட்டியில் தேதி படிக்கிறார், நடுக்கூடத்து வாளியில் இடறுகிறார், நடிக்கிறாரோ என்று வீட்டில் பேச்சு வருகிறது என்று. நடிப்பே இல்லை. குளுக்கோமா ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். மிச்சமிருப்பது குழாய் வழியாகப் பார்க்கிற பார்வை. நேரே இருக்கிற தேதி தெரியும், காலடி தெரியாது. ஒரு காகிதத்தை ஒல்லியாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் கூடத்தை ஒருமுறை கடந்து பாருங்கள். பேசினவர்களையும் நடக்கச் சொல்லுங்கள். பார்வைப் புலம் 10 டிகிரிக்கும் கீழே சுருங்கிவிட்டால், நேரே எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் சட்டத்தின் கணக்கில் அது பார்வையின்மைதான். சான்றிதழுக்குப் போகும்போது புலப் பரிசோதனைத் தாளை மறக்காதீர்கள். சொட்டு மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள். போனது வராது, மிச்சத்தைக் காப்பது அதுதான்.

அந்த மிச்சத்துக்கு வேண்டியது நிற வேறுபாடு. எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு அவருக்குத் தெரியாது, வாழையிலையில் தெரியும். கறுப்புக் கடப்பாக்கல் மேடையில் வெள்ளைக் கோப்பை தெரியும். படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், அரை நாள் வேலை.

இன்னொன்று. சாயங்காலம் சுவரோரம் பூப்போட்ட சேலைக்காரி ஒருத்தி நிற்பதாக அம்மா சொல்ல, மந்திரிக்கக் கூட்டிப்போனீர்களாமே. எனக்குக் குட்டி மனிதர்கள் வரிசையாக ஜன்னல் கம்பியில் நடந்துபோவார்கள். பைத்தியம் என்பார்களோ என்று ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. கண்ணிலிருந்து படம் வருவது நின்றுபோனால் மூளை தானாக வரைந்துகொள்கிறது, அவ்வளவுதான். சார்ல் போனே என்ற சுவிஸ் அறிஞர், பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு இப்படி நடந்ததை 1760-லேயே எழுதிவைத்தார். அவர் பெயரால்தான் இது மருத்துவத்தில் வழங்குகிறது. அந்த உருவங்கள் பேசாது, அது நிஜமில்லை என்று பார்க்கிறவருக்கே புரியும். கண் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள்: சேலைக்காரி பேயும் இல்லை, உங்களுக்குப் புத்தி பிசகவும் இல்லை என்று. என்னிடம் யாராவது அதைச் சொல்லியிருந்தால் பல ராத்திரிகள் தூங்கியிருப்பேன்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. இல்லம் வேண்டாம் தம்பி. பயிற்சிதான் வேண்டும். பெரியவர்கள் பார்வை இழந்தபின் மறுபடி வாழப் பழகுவது என்பது தனிப் படிப்பு. ஆர்தர் பியர்சன் என்று லண்டனில் ஒரு பத்திரிகை முதலாளி இருந்தார், டெய்லி எக்ஸ்பிரஸைத் தொடங்கியவர். உங்கள் அம்மாவுக்கு வந்த அதே குளுக்கோமாவில் பார்வை இழந்தார். முதல் உலகப்போரில் கண்ணிழந்து வந்த சிப்பாய்களுக்காக 1915-இல் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற பயிற்சி நிலையத்தை ஆரம்பித்தார். கலிப்பொலி போரில் கண்ணிழந்த கிளூத்தா மெக்கென்சி என்ற நியூசிலாந்துக்காரர் அங்கே பயின்றவர். இரண்டாம் உலகப்போரின்போது நம் நாட்டுச் சிப்பாய்களுக்காக டேராடூனில் அதே பெயரில் நடந்த விடுதியை அவர்தான் பார்த்துக்கொண்டார். 1950-இல் அதை அரசு எடுத்துக்கொண்டு, பார்வையிழந்த பெரியவர்களுக்கான பயிற்சி நிலையமாக்கியது. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். அதன் மண்டல மையம் நம் பூந்தமல்லியில் இருக்கிறது. அங்கே விசாரியுங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மாதிரியான கண் மருத்துவமனைகளில் குறைபார்வைக்கும் மறுவாழ்வுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. ஆபரேஷன் இல்லை என்று டாக்டர் சொன்னதோடு திரும்பி வந்துவிடுகிறோம். அந்தப் பிரிவு எந்த மாடியில் என்று கேட்பதில்லை.

அங்கே என்ன சொல்லிக்கொடுப்பார்கள்? கேட்டால் சிரிப்பீர்கள். நான் பயிற்சிக்குப் போனபோது, கீழே விழுந்த காசை எடுப்பது எப்படி என்று ஒரு காலைப்பொழுது பாடம் நடந்தது. விழுந்த சத்தத்துக்கு முகத்தைத் திருப்பவேண்டும், மேஜை விளிம்பில் நெற்றி இடிக்காமல் ஒரு கையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு குனியவேண்டும், தரையில் சின்ன வட்டத்தில் தொடங்கிப் பெரிதாக்கிக்கொண்டே தடவவேண்டும். சுவரோடு நடக்கும்போது விரல் நுனியை நீட்டக் கூடாது, ஆணி குத்தும், புறங்கையை உரசவிடவேண்டும். வெந்நீர் ஊற்றும்போது டம்ளர் நிறைய நிறையச் சத்தம் மெலிதாகி ஏறும், அதைக் கேட்டு நிறுத்தவேண்டும். இதையெல்லாம் அந்த வயதில் இன்னொரு பெண்ணிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

அடுப்பில் பாத்திரத்தை நடுவாக வைத்துவிட்டுப் பிறகுதான் பற்றவைக்கவேண்டும். கடுகு வெடிப்பதும் வெங்காயம் வதங்கி வாசனை மாறுவதும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்கும் மூக்குக்கும் தெரியும். நாம்தான் கண்ணை நம்பி மற்றதைக் கவனிக்காமல் இருந்தோம். அஞ்சறைப் பெட்டியை முதன்முதலில் செய்யச் சொன்னவள் இருட்டில் சமைத்தவளாகத்தான் இருக்கவேண்டும். கடுகு, சீரகம், வெந்தயம், ஒவ்வொன்றுக்கும் விரலுக்குத் தெரிந்த ஓர் இடம். ஒரே ஒரு நிபந்தனை, வேறு யாரும் கிண்ணத்தை மாற்றி வைக்கக் கூடாது. உங்கள் வீட்டில் எல்லோருக்குமான சட்டம் இதுவே: எடுத்த இடத்தில் வை, கதவை முழுக்கத் திற அல்லது முழுக்கச் சாத்து. பாதி திறந்த கதவின் விளிம்பு எங்களுக்கு அரிவாள்மனையைவிட மோசம். பயிற்சியில் கத்தியும் பலகையும் கொடுத்தார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. அரிவாள்மனையில் அலகு ஓரிடத்தில் நிற்கிறது, நகர்வது என் கைதான். கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அம்மாவைக் கூட்டிப்போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகில் கை வைத்துத் தள்ளவும் வேண்டாம். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். நீங்கள் படி ஏறுவது உங்கள் தோளிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளைக் குச்சிக்குத்தான் சண்டை வரும். ஊரே பார்க்கும் என்பார். நான் மடக்குக் குச்சியை மூன்று மாதம் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். ஒருநாள் பேருந்து நிலையத்தில் ஒருவர்மேல் மோதிவிட்டேன். “கண்ணு தெரியலையா?” என்று கத்தினார். “ஆமாண்ணே, தெரியலை” என்றேன். பாவம், அந்த மனுஷன் அதற்குப் பிறகு பேசவே இல்லை. அன்றைக்குத்தான் குச்சியை வெளியே எடுத்தேன். அது கிழவிக்கு ஊன்றுகோல் மாதிரி இல்லை, மார்பெலும்பு உயரம் இருக்கும். 1944 வாக்கில் அமெரிக்காவில் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் அதற்கு ஒரு நடை வகுத்தார்: இடது கால் முன்னே போகும்போது குச்சி நுனி வலப்பக்கம் தொடவேண்டும், வலது காலுக்கு இடப்பக்கம். அடுத்த அடி விழப்போகிற இடத்தைக் குச்சி முன்கூட்டியே பார்த்துவிடும். நம் ஊர் நடைபாதையில் சாய்த்து வைத்த பைக்குகளையும் தலை உயரத்தில் தொங்கும் பெயர்ப்பலகைகளையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை, அது வேறு விஷயம்.

காசு கொஞ்சம் சிரமம்தான். பழைய நூறு ரூபாய் நோட்டுக்கும் ஐந்நூறுக்கும் நீளத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. இப்போதைய புதிய நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150 மில்லிமீட்டர். அகலம் மூன்றுக்கும் ஒன்றே. நான்கு மில்லிமீட்டரை விரலால் அளக்கச் சொல்கிறார்கள். ஓரத்துக் கோடுகளும் தடித்த குறிகளும் புது நோட்டில் தட்டுப்படும், நாலு கை மாறினால் தேய்ந்துவிடும். ரிசர்வ் வங்கி 2020-இல் ‘மணி’ என்று ஒரு செயலி விட்டது, நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். நான் வீட்டிலேயே பிரித்து, ஐந்நூறை நாலாக மடித்து, இருநூறை இரண்டாக மடித்து, நூறை மடிக்காமல் வைத்துக்கொள்கிறேன். கைபேசியில் திரையை வாசிக்கும் டாக்பேக் வசதியை முடுக்கித் தமிழ்க்குரல் வைத்துக் கொடுத்துவிடுங்கள். ஒரு தட்டு தட்டினால் சொல்லும், இரண்டு தட்டு தட்டினால் செய்யும். முதல் வாரம் உங்களை நூறு முறை தவறுதலாக அழைப்பார். எடுங்கள்.

இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். நடுவில் அழுவார், அழட்டும். 11 மாதம் பெரிய காலம் இல்லை. பால் பொங்கி வழியும், ஒரு டம்ளர் உடையும், முழங்காலில் சிராய்ப்பு வரும். உங்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். நீங்கள் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடியதை அவர் பத்து நிமிடம் தடவிக்கொண்டிருக்கும்போது, எழுந்து போய்ப் பிடுங்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். என் கணவருக்கு அது வர இரண்டு வருடம் ஆனது.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் விடிகாலையில் எழுந்து காபி போட்டேன். மாமியார் விழித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பது எனக்குக் கேட்டது. உள்ளே வரவில்லை. டம்ளரை நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “டிகாஷன் தண்ணியா இருக்குடி” என்றார். ஒன்றரை வருடத்தில் என்னைக் குறை சொன்ன முதல் வார்த்தை அது. அதுவரை நான் என்ன செய்தாலும் “பாவம்” என்பதுதான் அவர் வாயில் வரும். மறுநாள் காலையில் நான் சமையலறைக்குள் போனபோது பரணிலிருந்து அரிவாள்மனை இறங்கியிருந்தது. பக்கத்தில் அரைக் கிலோ கத்தரிக்காயும் இருந்தது.

அன்புடன்,
அக்கா

பி.கு.: குளுக்கோமா குடும்பத்தில் வரக்கூடியது, ஆரம்பத்தில் வலியும் இருக்காது, தெரியவும் தெரியாது. நீங்களும் உங்கள் தங்கையும் இந்த மாதத்துக்குள் கண்ணழுத்தமும் கண் நரம்பும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டே போங்கள், உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.