வெண்பனிச் சரிவில் ஆறு நாட்கள்

விடுமுறைப் பயணம் என்றால் ரயில் நேரம், தங்குமிடம், கையிலுள்ள பணம் ஆகியவற்றைப் பற்றித்தான் நாம் முதலில் யோசிப்போம். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு ஆடச் செல்பவர் வேறு சில வினாக்களுக்கும் விடை கண்டாக வேண்டும். எந்த மாதத்தில் செல்வது? எந்தச் சரிவில் இறங்குவது? எதை உடுத்துவது? எந்த இடத்தில் கால் வைக்கவே கூடாது? இவற்றுள் கடைசி வினா உயிரைப் பற்றியது. விடைகளோ பெரும்பாலும் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள அழுத்தம், உராய்வு, சாய்தளம் என்னும் மூன்று பாடங்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஒரு குடும்பம் சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள தாவோஸ் நகரில் ஆறு நாட்கள் தங்கப் போவதாகக் கொள்வோம். அவர்களோடு சேர்ந்து நாமும் திட்டமிடுவோம்.

தாவோஸ் கடல் மட்டத்திலிருந்து 1,560 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில் 1894ஆம் ஆண்டில் இங்கிருந்து மலையைக் கடந்து அரோசா என்னும் ஊருக்குப் பனியில் சறுக்கிச் சென்றார். அன்று மேலே ஏறுவதற்குக் கால்களே துணை. இன்றோ 2,662 மீட்டர் உயரத்திலுள்ள வைஸ்ஃப்ளூயோக் வரை மலை ரயில் செல்கிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் நாட்டு மார்கழிப் பனி என்பது புல்லின் மேல் படியும் நீர்த்துளி. இங்கே நாம் பேசுவது மேகத்திலிருந்து பஞ்சு போல் உதிரும் பனிப் படிகங்களைப் பற்றி. அதை வெண்பனி என்றே குறிப்பிடுவோம்.

கட்டை எதற்கு?

புதிதாக விழுந்த வெண்பனியில் பெரும்பகுதி காற்றுதான். அதன் மேல் நடந்தால் கால் முழங்கால் வரை புதையும். உடைகளோடு 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை ஏறத்தாழ 686 நியூட்டன். நடக்கும்போது இந்த எடை முழுவதும் ஒரு காலணியின் மேல் விழுகிறது. காலணியின் பரப்பு 0.025 சதுர மீட்டர் என்றால் அழுத்தம் சுமார் 27,400 பாஸ்கல். அவரே 1.7 மீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு ஸ்கீ கட்டையின் மேல் நின்றால் அழுத்தம் சுமார் 5,000 பாஸ்கலாகக் குறைகிறது. எடை மாறவில்லை, அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. கட்டை புதையாமல் மேலே நிற்பதற்குக் காரணம் இதுவே.

ஏன் வழுக்குகிறது?

'அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும். ஆகவே கட்டையின் அடியில் பனி உருகி நீராகிறது' என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அழுத்தம் 1 வளிமண்டல அளவு கூடினால் உருகுநிலை 0.0075 டிகிரி செல்சியஸ்தான் குறைகிறது. நம் சறுக்குநர் தரும் 5,000 பாஸ்கல் என்பது ஒரு வளிமண்டலத்தில் இருபதில் ஒரு பங்கு. அதனால் உருகுநிலை சுமார் 0.0004 டிகிரி குறையும். வெப்பநிலை -10 டிகிரியாக உள்ள ஒரு காலையில் இது எந்த மூலைக்கு?

உண்மையான காரணங்கள் வேறு. 1850ஆம் ஆண்டிலேயே மைக்கேல் ஃபாரடே, உருகுநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்றதொரு மெல்லிய படலம் இருக்க வேண்டும் என்று கருதினார். மேற்பரப்பு மூலக்கூறுகளுக்கு மேற்புறம் பிணைப்பு இல்லாததால் அவை தளர்ந்து நிற்கின்றன. மற்றொரு காரணம் உராய்வு வெப்பம். 1939ஆம் ஆண்டில் பௌடன், ஹியூஸ் என்னும் இரு அறிவியலர் ஆல்ப்ஸ் மலையின் யுங்ஃப்ராவ்யோக்கில் சோதனைகள் நடத்தி, சறுக்கும்போது உண்டாகும் வெப்பமே பனியை உருக்குகிறது என்று காட்டினர். வெப்பத்தை எளிதில் கடத்தும் பித்தளைக் கட்டை, வெப்பம் கடத்தாத எபொனைட் கட்டையைவிட அதிக உராய்வைத் தந்தது. பித்தளை வெப்பத்தை வெளியே எடுத்துச் சென்றுவிடுகிறது. பனிக்கு உருக வெப்பம் போதவில்லை!

இதன் அளவையும் பார்ப்போம். உராய்வுக் குணகம் 0.05 என்றால் உராய்வு விசை 34 நியூட்டன். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்பவர் ஒவ்வொரு வினாடியும் 340 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறார். கட்டையின் அடியில் மெல்லிய நீர்ப்படலம் தோன்ற இது போதும்.

இதிலிருந்து நம் குடும்பத்துக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. கடுங்குளிரில் படலம் சரியாக உண்டாகாது. வெண்பனி மணல் போல் கட்டையைப் பிடிக்கும். வெயிலில் இளகிய பனியிலோ நீர் மிகுந்து கட்டையை உறிஞ்சிப் பிடிக்கும். ஆகவே உறைநிலைக்குச் சில டிகிரி கீழே உள்ள நாட்களே மிகவும் ஏற்றவை.

சரிவும் வேகமும்

உராய்வுக் குணகம் என்பது பொருள் சறுக்கத் தொடங்கும் சாய்வுக் கோணத்தின் 'டான்' மதிப்பு என்று படித்திருக்கிறீர்கள். 3 டிகிரியின் டான் மதிப்பு 0.05. எனவே, தரை 3 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் சறுக்குநரின் வேகம் கூடிக்கொண்டே போகும்.

சுவிட்சர்லாந்தில் சறுக்குப் பாதைகளுக்கு வண்ணக் குறிகள் உண்டு. நீலப் பாதையின் சாய்வு 25 விழுக்காடு வரை, அதாவது 14 டிகிரி வரை இருக்கும். சிவப்பு 40 விழுக்காடு வரை, அதாவது சுமார் 22 டிகிரி. அதற்கு மேல் கறுப்பு. நீலப் பாதைதானே என்று எளிதாக எண்ண வேண்டாம். 14 டிகிரிச் சரிவில் முடுக்கம் வினாடிக்கு வினாடி 1.9 மீட்டர். காற்றுத் தடையை விட்டுவிட்டால், நேராக 100 மீட்டர் இறங்கியதும் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர்!

மலை உச்சியிலிருந்து கணக்கிட்டால் இன்னும் வியப்பு. வைஸ்ஃப்ளூயோக்குக்கும் நகருக்கும் இடையே உயர வேறுபாடு 1,100 மீட்டர். மேலே நிற்பவரின் நிலை ஆற்றல் ஏறத்தாழ 7.5 லட்சம் ஜூல். அது முழுவதும் இயக்க ஆற்றலானால் வேகம் மணிக்கு 528 கிலோமீட்டர் ஆகும். அப்படி ஆகாமல் அந்த ஆற்றலைப் பனியிலும் காற்றிலும் சிறிது சிறிதாகச் செலவழிப்பதுதான் சறுக்கும் கலை. ஆகவே முதல் நாளில் கற்க வேண்டியது ஓடுவதை அன்று, நிற்பதை.

கட்டைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை விரித்தால், அவற்றின் உள்விளிம்புகள் பனியைச் சுரண்டி வேகத்தைக் குறைக்கும். இன்னொரு வழி, சரிவில் நேரே இறங்காமல் குறுக்கே வளைந்து வளைந்து இறங்குவது. நேர்வழிக்கு 60 டிகிரி விலகிச் சென்றால் சாய்வின் 'சைன்' மதிப்பு பாதியாகிறது. 14 டிகிரிச் சரிவு 7 டிகிரிச் சரிவைப் போல் நடந்துகொள்கிறது. மலைப்பாதைகளில் கொண்டை ஊசி வளைவுகள் அமைப்பதும் இதே தத்துவத்தில்தான்.

மகனுக்கு ஸ்னோபோர்டு எனப்படும் சறுக்குப்பலகையின் மேல் ஆசை. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் மகள்களுக்காக இரண்டு ஸ்கீ கட்டைகளை ஒன்றாக இணைத்துச் செய்த விளையாட்டுப் பொருள் இதற்கு முன்னோடி. 1998ஆம் ஆண்டு நாகானோ நகரில் இது ஒலிம்பிக் போட்டியாயிற்று. இதில் இரு கால்களும் ஒரே பலகையில் பிணைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டாக நின்று, விரல் பக்க விளிம்பையும் குதிகால் பக்க விளிம்பையும் மாற்றி மாற்றி அழுத்தித் திரும்ப வேண்டும். ஸ்கீயில் விழுந்தால் முறுக்கு விசை அளவு மீறும்போது காலணி தானே கழன்றுகொள்ளும். கால் எலும்பு தப்பும். சறுக்குப்பலகையில் காலணி கழலாது. விழுபவர் கையை ஊன்றுவதால் மணிக்கட்டுக்கு ஆபத்து. ஆகவே மகனுக்கு மணிக்கட்டுக் காப்பு வேண்டும். எல்லோருக்கும் தலைக்கவசம் வேண்டும்.

மாதமும் உடையும்

தாவோஸின் அட்சரேகை ஏறத்தாழ 47 டிகிரி வடக்கு. டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரமே எழும்; மார்ச் 21இல் 43 டிகிரி. டிசம்பரில் பகல் குறுகியது. மார்ச் இறுதியில் பிற்பகலில் பனி இளகி, இரவில் உறைந்து, காலையில் கண்ணாடிபோல் கெட்டிப்படும். முதன்முறை செல்வோருக்கு இடைப்பட்ட பிப்ரவரி பொருத்தமானது.

ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். நகரில் 0 டிகிரி என்றால் மேலே -7 டிகிரி. -10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது -20 டிகிரி போல் தோன்றும். காற்றே வீசாவிட்டாலும் சறுக்குநர் தம் வேகத்தால் அந்தக் காற்றை உண்டாக்கிக்கொள்கிறார்! ஒரே தடித்த உடையைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். இடையில் சிறைப்படும் காற்றே நல்ல வெப்பக் காப்பு. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் பருத்தி உள்ளாடை இங்கே ஆகாது, கம்பளி நல்லது.

குளிருகிறதே என்று வெயிலை மறந்துவிடக் கூடாது. புற ஊதாக் கதிர்கள் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 விழுக்காடு கூடுகின்றன. புது வெண்பனி அவற்றில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் கழித்தால் இரவில் கண் திறக்க முடியாத வலி வரலாம்.

கால் வைக்கக் கூடாத இடம்

இப்போது கடைசி வினாவுக்கு வருவோம். மலைச்சரிவில் வெண்பனி ஒவ்வொரு பொழிவிலும் ஓர் அடுக்காகப் படிகிறது. அடியில் தரை ஏறத்தாழ 0 டிகிரி, மேற்பரப்பு கடுங்குளிர். இந்த வெப்பநிலை வேறுபாட்டால் கீழ்ப்பனி ஆவியாகி மேலேறி, சர்க்கரை போன்ற பெரிய படிகங்களாக மாறுகிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. அந்த வலுவற்ற அடுக்கின் மேல் காற்று குவித்த கெட்டியான பனிப்பாளம் படிந்தால் ஆபத்து தயார். ஒருவரின் எடை வலுவற்ற அடுக்கை நொறுக்கினால் போதும். விரிசல் நொடியில் பரவி, பாளம் முழுவதும் சரிந்துவிடும். இதுவே பனிச்சரிவு. 1950-51ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளில் இறந்தனர்.

பாளம் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில் நழுவும். அதற்குக் கீழே உராய்வு தாங்கிக்கொள்கிறது. அதற்கு மிக மேலே பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடுகிறது. தேர்ந்த சறுக்குநரை ஈர்க்கும் தடம் படாத சரிவுகளும் இதே கோணங்களில்தான் இருக்கின்றன. விளையாட்டின் இன்பமும் ஆபத்தும் ஒரே சாய்வில் குடியிருக்கின்றன!

இன்னொரு செய்தி கவனிக்கத்தக்கது. உயிரிழப்பு நேரும் விபத்துகளில் பத்தில் ஒன்பதில், சரிவைத் தூண்டியவர் சிக்கியவரோ அவருடன் சென்றவரோதான். ஆகவே இது பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய விபத்து.

தவிர்ப்பது எப்படி? முந்தின மாலையிலேயே மேசை மேல் வரைபடத்தை விரியுங்கள். 1:25,000 அளவுள்ள சுவிஸ் வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்பது 25 மீட்டர். உயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டுள்ளன. ஓரிடத்தில் ஐந்து இடைவெளிகள், அதாவது 100 மீட்டர் உயரம், 6 மில்லிமீட்டருக்குள் அடங்குகின்றன என்று கொள்வோம். கிடைத் தொலைவு 150 மீட்டர். 100 ஐ 150 ஆல் வகுத்தால் 0.67. அந்த டான் மதிப்புக்குரிய கோணம் ஏறத்தாழ 34 டிகிரி. அளவுகோலும் திரிகோணமிதி அட்டவணையும் 'இங்கே போகாதே' என்று சொல்லிவிட்டன!

தாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 1945 முதல் எச்சரிக்கை அறிக்கை வெளியிடுகிறது. இன்று குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு அது வெளியாகும். ஆபத்து 1 முதல் 5 வரை எண்ணிடப்படும். மிகுதியான இறப்புகள் 5ஆம் நிலையில் நேர்வதில்லை. 3ஆம் நிலையில் நேர்கின்றன. உச்ச நிலையில் எல்லோரும் அஞ்சி விலகிவிடுகிறார்கள். '3' என்பது நடுவில் இருப்பதால் 'பரவாயில்லை' என்று தோன்றுகிறது. தேர்வில் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தேறிவிடும், இங்கே தேறாது.

புதைந்தவர் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் பத்தில் மூன்று பேர்தான். மீட்புக் குழு வரும் வரை நேரம் காத்திராது. ஆகவே தடம் விட்டுச் செல்வோர் ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைத் தேடுகருவி, துழாவும் கோல், மண்வாரி ஆகியவற்றுடனும் பயிற்சியுடனும் துணையுடனும் செல்ல வேண்டும். நம் குடும்பத்துக்கு இவை தேவையில்லை. குறிக்கம்பங்களுக்குள் காவலர் கண்காணிக்கும் பாதைகளைத் தாண்டுவதில்லை என்பதே அவர்கள் திட்டத்தின் முதல் விதி. முதல் இரு நாட்கள் அடிவாரத்தில் நிற்கப் பழகுதல். அடுத்த இரு நாட்கள் நீலப் பாதை. ஐந்தாம் நாள் ஓய்வு. ஆறாம் நாள் அறிக்கையையும் உடல் நிலையையும் பார்த்து முடிவு.

செய்து பாருங்கள்

ஒரு பலகையின் மேல் சொரசொரப்பான துணியை விரித்து, அதன் மேல் மைதா மாவை ஒரு விரற்கடை உயரம் பரப்பிக் கையால் அழுத்துங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தி, மாவு நழுவும் கோணத்தைக் கோணமானியால் அளந்து குறியுங்கள். அடுத்து, துணியின் மேல் முதலில் மெல்லிய சர்க்கரை அடுக்கும் அதன் மேல் மாவும் வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இரு கோணங்களையும் ஒப்பிடுங்கள். மூன்றாம் முறை, நழுவும் கோணத்துக்குச் சற்று முன் நிறுத்தி, மாவின் மேல் விரலால் இலேசாகத் தட்டிப் பாருங்கள். சறுக்குநரின் எடை என்ன செய்கிறது என்பது விளங்கும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. 35 கிலோகிராம் நிறையுள்ள மாணவரும் 70 கிலோகிராம் நிறையுள்ள தந்தையும் ஒரே சரிவில் இறங்குகிறார்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டால் யாருக்கு முடுக்கம் அதிகம்? ஏன்?

2. வரைபடத்தில் 100 மீட்டர் உயரம் 10 மில்லிமீட்டரில் அடங்கினால் சாய்வு எத்தனை டிகிரி? அங்கு நிற்பது பாதுகாப்பானதா? விடை கூறுமுன் அதற்கு நேர் மேலே உள்ள சரிவையும் பார்க்க வேண்டும். ஏன்?