மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவர் சிங்கப்பூர் போகலாமா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், "மே லீவுக்கு வாங்கப்பா, டிக்கெட் நான் போடறேன்" என்கிறான். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வாடகை வீட்டில் அப்பா பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் நீட்டிவிடுகிறார். கொலுசுப் பட்டறை நொடித்துப்போய் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவர் அவர். இப்படி வாயடைத்துப் போகத் தேவையில்லை. போகலாம். கோர்ட்டுக்குத் தெரியாமல்தான் போகக் கூடாது.

முதலில், வழக்கு எந்தச் சட்டத்தில் நடக்கிறது என்று கேஸ் கட்டைப் பிரித்துப் பாருங்கள். தனி ஆளாகச் சேலம் கோர்ட்டில் போட்ட ஐ.பி. (திவால் மனு) என்றால், 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டியவர் என்றால், 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம். வழக்கு சென்னையில் உள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் நடக்கும். அங்கே திவால் உத்தரவு வந்துவிட்டால், 141ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தின் அனுமதி இல்லாமல் வெளிநாடு போகவே முடியாது.

பழைய சட்டத்தில் அவ்வளவு வெளிப்படையான தடை இல்லை. அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். சட்டக் கடமையைத் தவிர்க்கக் கோர்ட் எல்லையைத் தாண்டிவிட்டார் என்று கடன் கொடுத்தவரோ, சொத்தைப் பொறுப்பேற்கும் ரிசீவரோ மனுப் போட்டால், 32ஆம் பிரிவில் வாரண்ட் வரலாம். மகனைப் பார்க்கப் போனவர் வேறு, தலைமறைவானவர் வேறு என்று உங்களுக்காகப் பேசப்போவது, போகும் முன்பே அனுமதி கேட்டு நீங்கள் போட்ட மனுதான்.

அடுத்தது பணம். பெரும்பாலும் சிக்கல் வருவது இதில்தான். திவாலானவர் என்று கோர்ட் அறிவித்ததும் உங்கள் சொத்து ரிசீவர் கைக்குப் போய்விடுகிறது. பிறகு வந்து சேர்வதும் அப்படியே. அதனால் மகன் உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம். அவன் கணக்கிலிருந்தே டிக்கெட் எடுக்கட்டும். தவணை முறை டூர் பேக்கேஜ் பக்கமே போகாதீர்கள். திவாலிலிருந்து விடுவிப்பு உத்தரவு வாங்காத நிலையில், அதைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலே 72ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம் வரை சிறை. தொகை 1920ஆம் ஆண்டுக் கணக்கு, ஆனால் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது.

மனுவில் போகும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் முகவரி, செலவு யாருடையது என்பதை எழுதி, மகனின் வங்கிக் கணக்கு நகலையும் அவன் கையெழுத்திட்ட கடிதத்தையும் இணையுங்கள். ரிசீவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. மார்ச்சிலேயே மனு உள்ளே போயிருக்க வேண்டும். டிக்கெட் உத்தரவுக்குப் பிறகுதான்.

வாய்தா தேதியையும், விடுவிப்பு மனுப் போடக் கோர்ட் கொடுத்த கெடுவையும் பார்த்துப் பயண நாளைக் குறியுங்கள். கெடு தவறினால் திவால் உத்தரவே ரத்தாகி, கடன்காரர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள்.

சான்றிட்ட உத்தரவு நகலைக் கைப்பையில் வையுங்கள். திருச்சியிலோ கோவையிலோ வந்து இறங்கியதும், வருகை முத்திரை விழுந்த பாஸ்போர்ட் பக்கத்தை நகல் எடுத்து, அந்த வாரமே வக்கீல் மூலம் சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டில் மெமோ போட்டுவிடுங்கள்.