கோட்டை ஹோட்டலில் பிற்பகல் தேநீர்: கசக்காமல், அவசரமில்லாமல்

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போகிற நம்மவர்களில் பலருக்கு, ஒரு நாளாவது பழைய கோட்டைக்குள் உட்கார்ந்து மூன்றடுக்குத் தட்டோடு தேநீர் குடிக்க வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் போய்வந்தவர்களைக் கேட்டால் அதே மூன்று குறைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: டீ கசந்தது, எனக்குச் சாப்பிட ஒன்றுமில்லை, முடிப்பதற்குள் எழுப்பிவிட்டார்கள். இந்த மூன்றையும் தவிர்க்க முடியும். இரண்டு முன்பதிவிலேயே சரியாகிவிடும். மீதமுள்ள கசப்பு, உங்கள் மேசைமேல் இருக்கும் டீபாட்டை நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

1. கோட்டையைத் தேர்ந்தெடுங்கள்

பெயரில் ‘கேஸில்’ இருப்பதெல்லாம் போர் பார்த்த கோட்டை அல்ல. இங்கிலாந்தின் டார்ட்மூரில் உள்ள போவி கேஸில் 1907-இல் கட்டப்பட்ட பணக்கார மாளிகை. ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் மலையடியில் இருக்கும் இன்வர்லாக்கி கேஸில் 1863-இல் எழுந்தது. விக்டோரியா மகாராணி 1873-இல் வந்து தங்கினார். இரண்டும் அழகானவை. ஆனால் உங்களுக்குத் தேவை கனத்த மதிலும் அம்பு எய்யும் துளைகளும் என்றால் வேறு இடம் பாருங்கள்.

இங்கிலாந்தின் தெற்கே ஆம்பர்லி கேஸில் இருக்கிறது. 1377-இல் மதில் எழுப்ப அரச அனுமதி பெற்ற இடம். லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து ரயிலில் போய் ஆம்பர்லியில் இறங்கினால் நடந்துபோகும் தூரம். பிரிஸ்டலுக்கு வடக்கே தார்ன்பரி கேஸில். அதைக் கட்டத் தொடங்கிய பக்கிங்ஹாம் பிரபு 1521-இல் தலை வெட்டப்பட்டார். 1535-இல் மன்னர் எட்டாம் ஹென்றியும் அரசி ஆன் பொலினும் அங்கே தங்கினார்கள். அயர்லாந்தில் காரிப் ஏரிக்கரையில் ஆஷ்ஃபோர்டு கேஸில். 1228-இல் தொடங்கிய வரலாறு. 1852-இல் கின்னஸ் குடும்பத்துக்குக் கைமாறி, 1939 முதல் ஹோட்டலாக இருக்கிறது.

முதல்முறை போகிறவர்கள் ரயிலில் எட்டக்கூடிய கோட்டையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் விதி. பழக்கமில்லாத ஒற்றையடிச் சாலைகளில் காரோட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் மனம் அமைதியாக அரை மணி நேரமாகும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்த மாதத்தில் பிந்திய நேரத்துக்குப் பதிவுசெய்தால் கோட்டையையே பார்க்க முடியாது.

2. முன்பதிவு

அறை எடுத்துத் தங்காதவர்களுக்கும் தேநீர் உண்டா, எவ்வளவு நேரம் மேசை நம்முடையது, குழந்தைகளை அழைத்து வரலாமா: இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம்தான் தருவார்கள். அன்றைய முதல் நேரத்தையே கேளுங்கள். உங்களுக்கு முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் காத்திருக்க வேண்டியதில்லை. சமையலறையும் நிதானமாக இருக்கும்.

கேட்கும்போது ‘ஆஃப்டர்நூன் டீ’ என்றே கேளுங்கள். நம்மூர் ஹோட்டல்கள் சொல்கிற ‘ஹை டீ’ அங்கே உழைக்கும் குடும்பங்களின் மாலைச் சாப்பாட்டுக்குப் பெயர். ‘கிரீம் டீ’ என்றால் ஜாமும் கிரீமும் தடவும் ஸ்கோனும் (கேக் போன்ற சின்ன ரொட்டி) டீயும் மட்டும். வயிறு சின்னது, பணத்தையும் பார்க்க வேண்டும் என்றால் அதுவே போதும்.

அடுத்தது சாப்பாடு. ‘வெஜிடேரியன்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அங்கே முட்டை சைவத்தில் சேர்த்தி. சாண்ட்விச்சில் முட்டை, கேக்கில் முட்டை, ஸ்கோனின் மேற்புறம் பளபளப்பதற்குத் தடவுவதும் பெரும்பாலும் முட்டை. மூஸ், ஜெல்லி, மார்ஷ்மெல்லோ ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கலாம்; அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. ஆகவே வகையின் பெயரை எழுதாமல், வேண்டாத பொருள்களைப் பட்டியலிட்டு எழுதுங்கள்: இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின் எதுவும் கூடாது என்று. பழக் கேக்கில் பிராந்தி ஊறியிருக்கலாம். மது கூடாதென்றால் அதையும் சேருங்கள். ஹலால் பார்ப்பவர்கள் கோழி, மாட்டிறைச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

முட்டை தொடாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. வீகன் தட்டைக் கேளுங்கள். அதில் முட்டையும் ஜெலட்டினும் வராது. கூடவே ‘பால் பொருள் எனக்குப் பரவாயில்லை, கிளாட்டட் கிரீமும் (கெட்டிப் பாலாடை) வெண்ணெயும் தனியாகக் கொடுங்கள்’ என்று ஒரு வரி எழுதுங்கள். இதை எழுத்தில், இரண்டு மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் நறுக்கிய பழமும்தான் வரும்.

3. போகும் நாள்

காலைச் சாப்பாடு போதும். மதியச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள். கிழியாத, இஸ்திரி போட்ட உடை எதுவானாலும் சரி, பட்டுப்புடவையும் வேட்டியும் அங்கே நன்றாகவே பொருந்தும். புல்லும் உருளைக்கல் பாதையும் இருப்பதால் குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். அரை மணி நேரம் முன்பே போய்த் தோட்டத்தையும் மதிலையும் சுற்றிப் பாருங்கள். மேசை நேரத்தை வேடிக்கை பார்ப்பதில் கரைக்காதீர்கள்.

4. டீபாட்: இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்

நம் வீட்டில் டீ அடுப்பிலேயே முடிந்து, வடிகட்டித்தான் கைக்கு வரும். அங்கே முடியாத டீயை மேசைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். டீபாட்டுக்குள் இலை ஊறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் வடிகட்டி, குளிர்ந்த பால், ஒரு குவளை வெந்நீர். மீதி வேலை உங்களுடையது. இது தெரியாமல் முதல் கோப்பையை நன்றாகக் குடித்துவிடுவோம்; சாண்ட்விச் முடிந்து இரண்டாவதைக் குடிக்கும்போது நாக்கு துவர்த்துப் போகும். மூன்றாவது கோப்பை கஷாயம். இலையிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் தொடர்ந்து இறங்குவதுதான் காரணம். இலையைப் பழிக்க வேண்டாம், நேரத்தைப் பாருங்கள்.

டீபாட் வந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே எடுக்கக்கூடிய சல்லடைக் கூடை இருந்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது. நேரம் ஆனதும் கூடையைத் தூக்கித் தட்டில் வைத்துவிடுங்கள். இலை தனியாக மிதந்தால், பரிமாறுபவரிடம் சூடாக்கிய காலி டீபாட் ஒன்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், தருவார்கள். டீ பதத்துக்கு வந்ததும் முழுவதையும் வடிகட்டி அதில் ஊற்றிவிடுங்கள். இனி ஒரு மணி நேரமானாலும் டீ ஆறும், கசக்காது. நான் கற்றதிலேயே மிகப் பயனுள்ள குறுக்குவழி இதுதான். யாரை அழைத்துப்போனாலும் உட்கார்ந்ததும் காலி டீபாட்டைத்தான் முதலில் கேட்கிறேன்.

பெரிய இலைக் கருந்தேயிலைக்கு நான்கைந்து நிமிடம். தூளாக உடைந்த இலைக்கும் டார்ஜீலிங்குக்கும் மூன்று. சமையலறையில் வெந்நீர் ஊற்றி எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டு அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது. 80 டிகிரிக்கு மேல் போனால் கசந்துவிடும். குவளையில் இருக்கும் வெந்நீர் அலங்காரத்துக்கு அல்ல. டீ கடுத்துவிட்டால் கோப்பையிலேயே கொஞ்சம் கலந்து இளக்கிக்கொள்வதற்குத்தான்.

எந்த இலை? பால் ஊற்றுவதென்றால் அஸ்ஸாம், இங்கிலிஷ் பிரேக்ஃபாஸ்ட், டிம்புல. பால் இல்லாமல் என்றால் டார்ஜீலிங், நுவரெலியா, எர்ல் கிரே. டார்ஜீலிங்கில் பால் ஊற்றாதீர்கள். அந்த மணத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். பட்டியலில் சிலோன் தேயிலை இருந்தால் மேசையில் ஒருவராவது அதைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. 1867-இல் இலங்கையின் லூல்கந்துரவில் வணிகத் தேயிலை தொடங்கிய காலம் தொட்டு, அந்த மலைகளில் கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களுடையவை, அவர்கள் பிள்ளைகளுடையவை. இந்தக் கோட்டைச் சீமான்கள் குடித்த தேநீருக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. அதை அறிந்து குடிப்பது நம் கடமை.

பாலை டீக்குப் பிறகே ஊற்றுங்கள். நிறம் பார்த்து நிறுத்தலாம். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லும் 1946-இல் எழுதிய தேநீர்க் கட்டுரையில் இதே காரணத்தைத்தான் சொன்னார். எலுமிச்சையும் பாலும் சேர்ந்தால் திரிந்துவிடும், ஒன்றை மட்டும் போடுங்கள். நம்மூர் டீ மாதிரி திடமாக வேண்டுமென்றால் மசாலா டீ கேட்டு அவர்களைத் திணறடிக்காதீர்கள்: அஸ்ஸாமை ஐந்து நிமிடம் ஊறவிட்டு, சூடான பால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு வகை சொன்னால் நான்கு பேர் நான்கு இலையைச் சுவைக்கலாம். பாதியில் வேறு வகைக்கு மாறவும் பல இடங்களில் விடுவார்கள்.

5. மூன்று தட்டு

1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, மதிய உணவுக்கும் நேரங்கழித்து வரும் இரவு விருந்துக்கும் இடையில் பசி தாங்காமல் இந்த வழக்கத்தைத் தொடங்கினார் என்பார்கள். நடிகை ஃபேனி கெம்பிள் தான் இதை முதன்முதலில் கண்டது 1842-இல், பெல்வார் கோட்டையில் என்று எழுதியிருக்கிறார். இடைப்பசிக்கான தீனி என்பதால்தான் எல்லாம் சின்னச் சின்னதாக இருக்கிறது. கீழிருந்து மேலே போங்கள்: சாண்ட்விச், ஸ்கோன், கேக். சாண்ட்விச்சைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம். பிடித்திருந்தால் இன்னும் கேளுங்கள். பல ஹோட்டல்களில் கூடுதல் காசு வாங்காமல் மறுபடி தருவார்கள்.

ஸ்கோன் சூடாக இருக்கும்போதுதான் ஸ்கோன். எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கிக் கொண்டுவந்தால், சாண்ட்விச் முடிவதற்குள் அது ஆறிவிடும். ஆகவே ஆர்டர் சொல்லும்போதே ‘ஸ்கோனை இருபது நிமிடம் கழித்துக் கொண்டுவாருங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். கத்தியால் அறுக்காமல், நடுவில் ஓடும் வெடிப்பில் கையால் பிரியுங்கள். ஜாமையும் கிரீமையும் முதலில் உங்கள் தட்டில் எடுத்து வைத்து, பிறகு தடவுங்கள். டெவனில் கிரீம் முதலில், கார்ன்வாலில் ஜாம் முதலில். நான் ஜாம் முதலில் என்ற கட்சி: சூடான ஸ்கோனில் நேரடியாக வைத்தால் கிரீம் உருகி வழிகிறது. மேல் பாதியை மூடிச் சாண்ட்விச்போல் அமுக்கக் கூடாது. இரண்டு பாதியையும் தனித்தனியே சாப்பிடுங்கள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தால் சாஸர் மேசையிலேயே இருக்கட்டும். கணப்புக்குப் பக்கத்தில் தாழ்ந்த மேசை, சோபா என்றால் சாஸரோடு சேர்த்துத் தூக்குங்கள். மரியாதையாக உட்கார இவ்வளவு தெரிந்தால் போதும்.

6. புறப்படுமுன்

மேல் தட்டுக் கேக் நிச்சயம் மிஞ்சும். திணித்துக்கொள்ளாதீர்கள், அட்டைப்பெட்டி கேளுங்கள். கோட்டையானாலும் கட்டித் தருவார்கள். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் தேவையில்லை. சேராவிட்டால், காலி டீபாட் கொண்டுவந்து கொடுத்தவருக்குப் பத்து சதவீதமாவது வையுங்கள். உங்களுக்குப் பிடித்த தேயிலையின் தோட்டப் பெயரை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இலையை வாங்கி, அதே நிமிடக் கணக்கில் வீட்டிலும் போடலாம்.